ஆயக்கட்டு வரைபடம் போட எது கைகொடுக்கும்: புலப்படமா, ரோவரா, டிரோனா?

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் ஒரு மடைக்குக் (வயலுக்குத் தண்ணீர் விடும் திறப்பு) கீழே ஆயக்கட்டாக, அதாவது பாசனம் பெறும் நிலமாக, எந்தெந்தப் புல எண், எத்தனை ஏக்கர் என்று கேட்டால், பாசன சபைப் பதிவேட்டில் ஒரு கணக்கு இருக்கும், கிராம நிர்வாக அலுவலரின் நிலக் கணக்கான ஏ-பதிவேட்டில் இன்னொன்று இருக்கும். வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்தால் இரண்டுமே ஒத்துவராது. திருமூர்த்தி அணையை நம்பிய 3.77 லட்சம் ஏக்கரும் நான்கு மண்டலங்களாக முறைவைத்துத் தண்ணீர் வாங்குவதால், அரை ஏக்கர் வித்தியாசம்கூட மடையடியில் சண்டையாகிறது. வரைபடம் போட்டுவிடலாம் என்று சபை முடிவெடுத்ததும் டிரோன்காரரைக் கூப்பிடுவதுதான் இப்போது பழக்கமாகிவிட்டது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் அதைக் கடைசியில் செய்தால் போதும்.

முதலில் கைவைக்க வேண்டியது புலப்படத்தில், அதாவது ஒரு புல எண்ணின் எல்லைகளை அளவுகளோடு காட்டும் அரசுப் படத்தில். தமிழக அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் செலவில்லாமல் இறங்கும். பட்டாவோடும் ஏ-பதிவேட்டோடும் உட்பிரிவு எண் மூலம் நேராகப் பொருந்துவது இது ஒன்றுதான். டிரோன் படத்தில் எந்த வரப்பிலும் உட்பிரிவு எண் எழுதியிருக்காது.

ஆனால் புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. ஒவ்வொரு புல எண்ணும் தனித் தாள். பக்கத்துப் பக்கத்துத் தாள்களை ஒட்டினால் ஓரிடத்தில் இடைவெளி விழும், இன்னோரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பலர் அச்செடுத்து, ஸ்கேன் செய்து, கோட்டின் மேல் கோடு இழுக்கிறார்கள். தவறு அங்கேதான் நுழைகிறது. அச்சடிக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்று விட்டாலே அளவுகோல் மாறிவிடும். 1:2000 படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு நிலத்தில் ஒரு மீட்டர். எனவே படத்தை நகலெடுக்காமல், அதில் எழுதியிருக்கும் அளவுகளை வைத்தே திரும்ப வரையுங்கள்: முதலில் ஜி-லைனின் (புலத்தின் குறுக்கே போகும் அடிக்கோடு) நீளம், பிறகு அதிலிருந்து இடமும் வலமும் போகும் குறுக்களவுகள். வரைந்து முடித்ததும் மென்பொருள் காட்டும் பரப்பை ஏ-பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு குறுக்களவைத் தப்பாகப் படித்திருப்பீர்கள்.

பரப்பைக் கணினியில் தட்டுவதிலும் பொறி இருக்கிறது. பட்டாவில் 1.21.5 என்றால் 1 ஹெக்டேர் 21.5 ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்), அதாவது 3 ஏக்கர். 0.05.0 என்பதை 0.5 ஹெக்டேர் என்று ஏற்றினால் 12 சென்ட் நிலம் ஒண்ணேகால் ஏக்கராகிவிடும். எக்செல் வேறு 12/1 என்ற உட்பிரிவைத் தேதியாக மாற்றிவைக்கும். எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட வேண்டும், பிறகு மாற்றினால் போனது போனதுதான். பட்டாதாரர் பெயரை வைத்து இரண்டு பதிவேடுகளை இணைக்கவே கூடாது. ஒரே ஊரில் பழனிச்சாமிகள் எத்தனை பேர்! கிராமக் குறியீடு, புல எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்ததுதான் சாவி.

இப்படி வரைந்த தாள்களை நிலத்தில் உட்காரவைக்க ரோவர் என்ற துல்லிய ஜிபிஎஸ் கருவி வேண்டும். நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களின் திருத்தத்தோடு ‘ஃபிக்ஸ்’, அதாவது உறுதியான கணிப்பு, கிடைத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் புள்ளி விழும். கணிப்பு இன்னும் உறுதியாகாத ‘ஃப்ளோட்’ நிலையில் எடுத்த புள்ளி அரை மீட்டருக்கும் தப்பும், அதைச் சேமிக்காதீர்கள். எல்லா வரப்பையும் ரோவரால் அளப்பது வீண் செலவு. கிராமத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும், அசையாமல் நிற்கும் பழைய சர்வே கற்களாகப் பார்த்து ஐந்தாறு போதும், மூன்று கிராம எல்லைகள் கூடும் கல் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டே கற்களை வைத்துப் பொருத்தினால் பிழை வெளியே தெரியாது. பொருத்தும்போது க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், படத்தின் வடிவம் கெடாமல் நகர்த்தித் திருப்பி அளவை மாற்றும் ஹெல்மெர்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள். பாலினாமியல் எடுத்தால் எண்கள் அழகாக வரும், ஆனால் கற்களுக்குப் பொருந்தவேண்டி நிலத்தையே வளைத்துவிடும். பொள்ளாச்சி, உடுமலை, கேரளத்துச் சித்தூர் எல்லாமே யுடிஎம் என்ற ஆயமுறையில் 43 வடக்கு மண்டலம். 78 பாகைக்குக் கிழக்கேதான் 44 தொடங்குகிறது.

தென்னந்தோப்புக்குள் ரோவர் திணறும். ஓலை மறைப்பில் ஃபிக்ஸ் வராது, வந்தாலும் நம்ப முடியாது. தோப்புக்கு வெளியே திறந்த இடத்தில் இரண்டு புள்ளிகள் எடுத்து, அங்கிருந்து கல்வரை டேப்பால் அளந்து வெட்டுப்புள்ளி காண்பதுதான் வழி.

டிரோனுக்கும் அதே தோப்புதான் எதிரி. 25 அடி இடைவெளியில் நட்ட வளர்ந்த தென்னைக்கு மேலே 120 மீட்டர் உயரத்தில் பறந்து, பிக்சலுக்கு மூன்று சென்டிமீட்டர் என்று படம் எடுத்தாலும், கிடைப்பது தெளிவான மட்டைப் படம். வரப்பு தெரியாது, கல்லும் தெரியாது. நெல்வயல், மேட்டுக் காடு, கிளைக் கால்வாய் ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் அது உருப்படியான வேலை செய்யும். முக்கியமாக, கால்வாய் இப்போது எங்கே ஓடுகிறது, அதற்காக எடுத்த புறம்போக்கு புலப்படத்தில் எங்கே இருக்கிறது என்று ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்க்கலாம். நிலமெடுப்பு உட்பிரிவு ஏறாமல் விட்டுப்போன இடங்கள் அப்போது பளிச்சென்று தெரியும். தரையில் குறியிட்டு ரோவரால் அளந்த ஐந்து புள்ளிகளாவது இல்லாமல் பறக்கவிட வேண்டாம்.

செல்போன் ஜிபிஎஸ் மடை எங்கே என்று குறிக்க உதவும், அவ்வளவுதான். மூன்று முதல் ஐந்து மீட்டர் தப்பும் கருவியை வைத்து எல்லை பேசக் கூடாது. ரோவர் அளவும்கூட சட்டப்படி அத்து (எல்லை) ஆகாது. தகராறு என்றால் கட்டணம் கட்டி, வட்டத்து நில அளவரை வைத்துத்தான் அத்து காட்டச் சொல்ல வேண்டும்.

கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டிக் கேரளத்திலும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு வேலை இரட்டிப்பு. தமிழ்நாடு–கேரள 1970 ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி பெறும் சித்தூர் வட்டம் பழைய கொச்சி சமஸ்தானம், பொள்ளாச்சி சென்னை மாகாணம். அளவையும் பதிவேடும் அடிமுதலே வேறு. அங்கே பட்டாவுக்குப் பதில் தண்டப்பேர் எண்ணும் (நில உரிமையாளரின் கணக்கு எண்) வரி ரசீதும், பட்டா மாறுதலுக்கு அங்கே ‘போக்குவரவு’ என்று பெயர். பழைய ஆதாரத்தில் பழைய சர்வே எண்ணும் சென்ட்டும் இருக்கும். மறு அளவை முடிந்த கிராமத்தின் ரசீதில் பிளாக் எண், ரீசர்வே எண், ஏர், சதுரமீட்டர் என்று இருக்கும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 1 அன்று கேரளம் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவையில் பெரும்பாலும் ரோவரால் அளக்கிறார்கள், ஆகவே அது முடிந்த கிராமங்களில் புலப்படத்தைத் திரும்ப வரையும் பாடு இல்லை. அந்தக் கோடுகளும் நம் பக்கத்துப் புலப்படமும் மாநில எல்லையில் ஒட்டாது. ஒட்டவைக்க எந்தப் பக்கத்துக் கோட்டையும் இழுக்காதீர்கள். இடைவெளியைத் தனி அடுக்கில் ‘எல்லை தீர்வாகாதது’ என்று குறித்து, எந்த மடைக் கணக்கிலும் சேர்க்காமல் விடுங்கள்.