முப்பதைத் தாண்டியவர்கள் தாராளமாகப் போகலாம், ஸ்பீடு கன்னை மட்டும் நம்பாதீர்கள்

சேலம் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற வழியில் இருக்கிற இந்தக் கிரிக்கெட் பயிற்சி நெட்டுக்கு மூன்று ஸ்டார். பந்தின் வேகத்தை அளக்கிற ஸ்பீடு கன் ஒழுங்காக இருந்தால் ஐந்தே கொடுத்திருப்பேன். அரை மணிக்கு 300 ரூபாய், சிமெண்ட் தரைமேல் மேட், வலையில் ஓட்டை கிடையாது, லைட் போதும்.

பிடித்த விஷயம், வயதைப் பார்த்து யாரும் நக்கல் அடிப்பதில்லை. டென்னிஸ் பால் டோர்னமெண்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டு முப்பத்தைந்தில் ஸ்டிச் பாலை, அதாவது தோல் பந்தைக் கையில் எடுக்கிற என்னிடம்கூட "அண்ணா, ரன்-அப் எவ்வளவு வேணும்?" என்றுதான் கேட்டார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் 29 வயதில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடியதைப் பார்த்த மாவட்டம் இல்லையா! ஆனால் எனக்குத் தெம்பு கொடுத்த ஆள் ஜிம் மோரிஸ் என்கிற அமெரிக்க பேஸ்பால்காரர், அவரும் இடது கைதான். 1983-ல் மேஜர் லீக் என்கிற அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கில் ஆடும் ஓர் அணி அவரை எடுத்தது, ஆனால் கையில் காயம், ஆபரேஷன் என்று மேலே போகவே முடியாமல் ஆட்டத்தை விட்டுவிட்டு, டெக்சாஸில் பிக் லேக் என்கிற ஊரில் வாத்தியார் ஆகிவிட்டார். அங்கே அவர் பயிற்சி கொடுத்த பள்ளிப் பசங்கள் மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் தானும் செலக்‌ஷனுக்குப் போவதாக வாக்குக் கொடுத்தார், பசங்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள். போனால், பந்து மணிக்கு 98 மைல், நம் கணக்கில் கிட்டத்தட்ட 158 கிலோமீட்டர். அதே வருடம், 1999 செப்டம்பரில், 35 வயதில், டாம்பா பே அணிக்காக இறங்கி முதல் பேட்டரையே ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் செய்தார். அடுத்த வருடத்தோடு சரி, மொத்தமே 21 ஆட்டம். ஆனால் கன் அந்த 98-ஐக் காட்டாமல் இருந்திருந்தால் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை எந்த அணி சேர்த்திருக்கும்?

அதனால்தான் எனக்கு அந்தக் கருவிமேல் இவ்வளவு பிடிவாதம். இங்கே அதை வலையின் பக்கவாட்டுக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். அது ஒரு ரேடார், தன்னை நோக்கி வருகிற வேகத்தைத்தான் அளக்கும், பந்து வருகிற கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் 13 சதவீதம் குறைத்துக் காட்டும். எனக்கு 96 வந்தது. கழற்றி ஸ்டம்புக்குப் பின்னால் நேராகப் பிடிக்கச் சொன்னேன், 110! அங்கே வேலை செய்கிற தம்பி முகம் சுளிக்காமல் செய்தார், ஆனால் மறுபடி போனபோது கன் பழையபடி கம்பத்தில்.

பந்து சொந்தமாகக் கொண்டுபோங்கள், அவர்கள் தருவதெல்லாம் தையல் பிரிந்தவை. சனி, ஞாயிறு என்றால் காலையிலேயே போய்விடுங்கள், அப்புறம் ஏற்காடு போகிற வண்டிகளில் மாட்டிக்கொள்வீர்கள்.