நார்னியாவா, ஹரி பொட்டரா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஞாயிறு பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர் இந்த இரண்டு சிறுவர் கதை நூல் வரிசைகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். செய்வினை, மந்திரித்த கயிறு எல்லாம் தோட்டக் குடியிருப்பான லயத்தில் கற்பனையல்ல, அன்றாடப் பேச்சு. அதனால் சூனியத்தையும் மந்திரவாதத்தையும் தடைசெய்யும் உபாகமம் 18:10-12 வசனங்களை அவர்கள் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்வது நியாயமே.

மந்திரம் யார் கையில்?
நார்னியா (1950–56): பெரும்பாலும் சூனியக்காரியின் கையில். ஆனால் 1952இல் வந்த மூன்றாம் நூலில் கதாநாயகர்களில் ஒருத்தியான சிறுமி லூசியே மந்திரப் புத்தகத்தைப் புரட்டி, தோழி தன்னைப் பற்றிப் பேசுவதை ஒட்டுக்கேட்கிறாள். மனம் நொந்துபோகிறாள், அஸ்லான் என்ற சிங்கம் அவளைக் கண்டிக்கிறது. அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திப் பிள்ளையோடு பேசுங்கள்.
பொட்டர் (1997–2007): பிறவித்திறமை, பிறகு பள்ளிப் பாடம். கதாநாயகனே மந்திரக்காரன்.

பயம்?
நார்னியாவில் குறைவு. பொட்டரின் நான்காம் நூலில் கல்லறைச் சடங்கு வருகிறது: தகப்பனின் எலும்பு, வேலையாளின் சதை, எதிரியின் இரத்தம். செய்வினைக்குப் பயந்து வளர்ந்த பிள்ளைக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும்.

விசுவாசம்?
துரோகம் செய்த சிறுவனுக்காக அஸ்லான் இயேசுவைப் போல மரித்து எழுவது வெளிப்படை. பொட்டரில் ஏழாம் நூல்வரை பொறுக்க வேண்டும்: ஹரியின் பெற்றோரின் கல்லறையில் 1 கொரிந்தியர் 15:26 ("பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்") பொறிக்கப்பட்டிருக்கிறது. எதிர்ப்பவர்கள் அதுவரை வாசிப்பது அபூர்வம்.

நீளம்: இரண்டின் முதல் நூலும் 17 அத்தியாயம்.

எட்டு, ஒன்பது வயதுக்குச் சத்தமாக வாசித்துக்காட்ட நார்னியா. பன்னிரண்டு தாண்டினால் பொட்டர். நான்காம் நூலை மட்டும் பெற்றோர் முந்தி வாசித்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது கயிறு கட்டியிருக்கும் நாட்களில் இரண்டையுமே தள்ளிவையுங்கள்.