ஆயா இப்போது எங்கே? ஒரே வீட்டில் மூன்று பதில்கள்

எங்கள் ஆயா இறந்த ஏழாம் நாள். மாமா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். முப்பதாம் நாள் பூசைக்குப் பங்கு அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நைனா, அதாவது என் அப்பா, சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபைக்காரர். ஐயரை (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) அழைத்து ஒரு நினைவுக்கூட்டம் வைத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்பது அவர் கணக்கு. சின்னம்மா சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். "அண்ணா, செத்தவங்களுக்குப் பூசை வெச்சு என்ன ஆவப்போவுது? உசுரோட இருக்கச்சே ரட்சிக்கப்பட்டாங்களா, அதான் கேள்வி" என்றார். மாமா பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று மாமா சொல்லாமல் விட்ட பதிலைத் தேடப்போய்த்தான் மூன்று பக்கத்தையும் படிக்க ஆரம்பித்தேன். நான் நைனா வழியில் சி.எஸ்.ஐ. அந்தச் சாய்வு எழுத்தில் தெரிந்தால் தெரியட்டும்.

வேலூரில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டாம், சுவரொட்டியைப் பார்த்தால் போதும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன். 'மகிமைக்குள் பிரவேசித்தார்' என்றால் அநேகமாகப் பெந்தெகொஸ்தே. 'ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கவும்' என்று இருந்தால் ஆர்.சி. ஜெபம், செபம் என்ற ஒரு எழுத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். முதல் இரண்டு சுவரொட்டியும் நடந்து முடிந்த ஒன்றை அறிவிக்கின்றன. மூன்றாவது மட்டும் படிப்பவரிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறது. சண்டை முழுவதும் இந்த வேலையைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

மாமா பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட பக்கம் அதுதான். உத்தரிக்கிற ஸ்தலம் என்பது செத்தபின் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கடவுளின் அருளில் இறந்தவர்கள், ஆனால் முழுக்கத் தூய்மையாகாதவர்கள், அவர்களுக்கு மட்டுமே அது. அங்கே இருக்கும் எவருக்கும் மோட்சம் உறுதி. நரகத்துக்குப் போகிறவர் அந்த வழியாகப் போவதில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இதை மூன்றே பத்திகளில் முடித்துவிடுகிறது. எரியும் நெருப்புக்கு நடுவே கைகூப்பி நிற்கும் ஆத்துமாக்களின் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். போதாததற்குத் தமிழில் 'ஸ்தலம்' என்று வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அது ஓர் இடமல்ல, ஒரு நிலை என்று 1999இல் போப் இரண்டாம் யோவான் பவுல் விளக்கினார். அந்த நெருப்பு கிறிஸ்துவேதான் என்று சில இறையியலாளர்கள் சொல்வதை அடுத்த போப் 16ஆம் பெனடிக்ட் 2007இல் தன் சுற்றுமடலில் எடுத்துக்காட்டினார். (மே மாதம் வேலூரில் இருந்தவர்களுக்கு இடம் என்று சொன்னாலும் சட்டென்று விளங்கும்.)

ஆதாரம் எங்கே என்பது சின்னம்மாவின் கேள்வி. மாமா மக்கபேயர் இரண்டாம் நூலைக் காட்டலாம். போரில் விழுந்த வீரர்களின் பாவம் நீங்க யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்பிய செய்தி அதில் இருக்கிறது. ஆனால் சின்னம்மாவின் வேதாகமத்தில் அந்தப் புத்தகமே கிடையாது. அவரிடம் 66, மாமாவிடம் 73. அப்புறம் எப்படிப் பேசித் தீர்ப்பது? இரண்டு பேரிடமும் இருப்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரம். ஒருவன் கட்டியது வெந்துபோனாலும் அவன் நெருப்பில் அகப்பட்டுத் தப்பியவனைப் போல இரட்சிக்கப்படுவான் என்கிறது அது. மாமா அதில் உத்தரிப்பைப் பார்க்கிறார். நைனாவின் ஐயரோ அது ஊழியக்காரரின் வேலை சோதிக்கப்படுவதைப் பற்றியது, ஆளைப் பற்றியதல்ல என்கிறார். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தால் ஐயர் சொல்வதுதான் பொருந்துகிறது. ஆனால் 'நெருப்பில் தப்பியவனைப் போல' என்ற சொல் ஆளைத்தானே சொல்கிறது என்று மாமா திருப்பிக் கேட்டால் ஐயருக்கும் கொஞ்சம் இருமல் வரும்.

இனி நைனா பக்கம். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன் டச்சு வழிவந்த சீர்திருத்தச் சபையின் வேலை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரும் அந்தக் குடும்பம்தான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்து சேர்ந்த இந்த வட ஆற்காட்டுக் கிறிஸ்தவத்துக்குப் பின்னால் ஹைடல்பர்க் வினாவிடை என்ற சீர்திருத்தச் சபையின் விசுவாசப் பாடநூல் இருக்கிறது. வாழ்விலும் சாவிலும் உனக்கு ஒரே ஆறுதல் என்ன என்று தொடங்கும் அது, இறந்தவுடன் என் ஆத்துமா உடனே கிறிஸ்துவிடம் எடுத்துக்கொள்ளப்படும் என்று 57ஆம் கேள்வியில் சொல்கிறது. 'உடனே' என்ற அந்த ஒரு சொல்லில் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. அந்த வினாவிடை அச்சானது 1563இல். உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, அங்கிருப்பவர்களுக்கு நம் மன்றாட்டும் பூசையும் உதவும் என்று கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் ஆணையிட்டதும் அதே 1563, டிசம்பரில். ஒரே ஆண்டில் ஐரோப்பாவில் எழுதிய இரண்டு தாள்கள் இங்கே வந்து எங்கள் வீட்டுக்குள் மோதிக்கொள்கின்றன.

சாகப்போகிறவருக்கு நைனா பக்கத்து ஆறுதல்தான் பெரிது என்பேன். மருத்துவமனை வார்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பவரிடம் 'உடனே' என்று சொல்ல முடிவது சாதாரணமில்லை. 'இன்றைக்கு நீ என்னோடு பரதீசில் இருப்பாய்' என்று சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசுவிடம் கிடைத்த அந்த 'இன்றைக்கு' அது. ஆனால் பின்னால் நிற்பவர்களுக்கு அது ஒன்றுமே தருவதில்லை. ஆயாவுக்குக் கடைசி வாரம் நான் போன் செய்யவில்லை. அதை இப்போது நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? மாமாவிடம் அதற்கு ஒரு பூசை இருக்கிறது, ஐம்பத்து மூன்று மணி செபமாலைச் செபம் இருக்கிறது, நவம்பர் 2 இருக்கிறது. எங்கள் சபையில் எனக்குக் கிடைப்பது 'கர்த்தர் ஆறுதல் தருவார், தம்பி'.

நவம்பர் 2 என்றதும் ஞாபகம் வருகிறது. கல்லறைத் திருநாளுக்கு சி.எஸ்.ஐ.காரர்களும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போகிறோம். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். "செத்தவங்களுக்காக ஜெபிக்கக் கூடாதுன்னா மெழுகுவத்தி எதுக்கு நைனா?" என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா, ஒரு மரியாதை" என்றார். கொள்கை அடைத்த கதவை வழக்கம் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பூசைக்குப் பணமா என்று எங்கள் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். 1517இல் லுத்தர் கிளம்பியதே பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துத்தானே என்பார்கள். அது உண்மை. ஆனால் பணம் தர முடியாத ஏழைகளுக்காகவும் பூசை வைக்கும்படி குருக்களுக்கு இன்றைய கத்தோலிக்கச் சட்டம் பரிந்துரைக்கிறது. மாதாமாதம் தசமபாகம் கட்டும் சின்னம்மாவும் சங்கக் காணிக்கை கட்டும் நைனாவும் மாமாவின் பூசைக் காணிக்கை உறையைப் பார்த்துச் சிரிப்பதில் நியாயம் இல்லை.

லுத்தரன்களை இதில் எங்கே வைப்பது என்பது கொஞ்சம் சிக்கல். 1517இல் லுத்தர் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை, அதை வைத்து நடந்த வியாபாரத்தைத்தான் மறுத்தார். முழுதாகத் தூக்கி எறிந்தது பின்னால், அவர் எழுதிய 1537இன் ஷ்மால்கால்ட் கட்டுரைகளில் அது தெளிவாகத் தெரியும். அப்போதும் அவர்கள் சபையின் விசுவாச ஆவணம் ஒன்று, இறந்தவர்களுக்காக ஜெபிப்பதை நாங்கள் தடுக்கவில்லை என்கிறது. ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் நண்பர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மலையாளி ஆர்த்தடாக்ஸ்காரர்கள் இன்னொரு தினுசு. இறந்தவர்களுக்காக மனதார ஜெபிப்பார்கள், உத்தரிக்கிற ஸ்தலம் என்ற போதனை மட்டும் வேண்டாம் என்பார்கள்.

சரி, சின்னம்மாவுக்கு வருவோம். அவருடைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் இரட்சிக்கப்பட்ட தேதி எழுதியிருக்கிறது. அடுத்த வரியில் ஞானஸ்நானம் எடுத்த தேதி, முழுக்கு. (பாலாற்றை நம்பினால் வேலூரில் யாரும் முழுக்கு எடுக்க முடியாது. சபையிலேயே தொட்டி கட்டியிருக்கிறார்கள்.) குழந்தையில் ஆயா மடியில் வைத்துப் பெற்றது அவர் கணக்கில் வராது. இதுதான் மாமாவுக்கு உள்ளே குத்துவது. சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக்கூட ஆர்.சி.யினர் செல்லும் என்று ஏற்கிறார்கள், இரண்டாம் முறை கொடுப்பதில்லை. சொந்தத் தங்கை மட்டும் அம்மா கொடுத்ததைச் செல்லாது என்கிறாள்.

ஆனால் அந்தத் தேதியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சித்தப்பா குடியை விட்டது அந்தச் சபையில்தான். இருபது வருடம் பூசைக்கும் ஆராதனைக்கும் போய் நடக்காதது ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபத்தில் நடந்தது. 'நீ தனியாக, உன் வாயால் அறிக்கை செய்' என்று கேட்பதில் ஒரு பலம் இருக்கிறது. பிறப்பால் கிறிஸ்தவனாக இருப்பவனுக்கு அது எப்போதாவது தேவைப்படும். அதன் குறை ஆயா மாதிரி ஆட்களிடம் தெரிகிறது. ஆயாவுக்குத் தேதியே கிடையாது. தினமும் சாயங்காலம் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், அவ்வளவுதான். தேதி இல்லாத விசுவாசத்தை அளக்கச் சின்னம்மாவின் சபையில் படி இல்லை.

ஆனால் எனக்கே எதிர்பாராத ஒன்று இந்த இடத்தில்தான் கிடைத்தது. பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்கிறார் சின்னம்மா, 'பின்மாற்றம்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். முடியும் என்கிறார் மாமாவும், சாவான பாவம் செய்தால் அருள் போய்விடும். தான் அருளில் இருப்பதை எவரும் பிழைபடாத உறுதியோடு அறிய முடியாது என்று 1547இலேயே திரெந்து சொல்லிவிட்டது. முடியாது, தேவன் பிடித்தவரை விடமாட்டார் என்பது நைனாவின் விசுவாச முன்னோர்களான சீர்திருத்தச் சபையினர் 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் சங்கத்தில் எழுதி வைத்தது. அதாவது சண்டை போட்ட அண்ணனும் தங்கையும் ஒரு கட்சி, நடுவில் சும்மா உட்கார்ந்திருந்த நைனாதான் எதிர்க்கட்சி! ஆளுக்கொரு பாவசங்கீர்த்தனத்தோடு திரும்பத் திரும்ப எழுந்திருப்பவர்கள் அந்த இரண்டு பேர். ஒருவர் குருவிடம் போகிறார், மற்றவர் பீடத்துக்கு முன்னால் வந்து அழுகிறார்.

இரட்சிப்பு விஷயத்தில் மேலிடத்தில் இடைவெளி குறைந்துதான் இருக்கிறது. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம் என்று 1999 அக்டோபர் 31இல் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்டார்கள். மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகள் 2017இலும் சேர்ந்தார்கள். ஆம்பூருக்கு மிஷனரிகளை அனுப்பிய மிசௌரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபை ஏற்கவில்லை. உத்தரிக்கிற ஸ்தலம் அந்த ஒப்பந்தத்தால் தீரவில்லை. தமிழில் இந்தச் சண்டை வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்து எழுதிய காலத்திலிருந்தே நடக்கிறது, அவ்வளவு சீக்கிரம் தீராது.

போன வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். நவம்பர் பூசைக்கான பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது. ஆயா பெயர், அவர் வழித் தாத்தா பெயர், அதற்குக் கீழே நைனாவின் அப்பா பெயரும். சாகும்வரை சி.எஸ்.ஐ.யாகவே இருந்த மனிதர் அவர். நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைப் படித்தார். இப்போது ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"இனிஷியல் தப்பா இருக்கு மச்சான். ஜே இல்ல, எஸ்" என்று சொல்லிப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.