வசந்தத் தோட்டத்துக்கு எது: பட்டர் கேக்கா, லவ் கேக்கா?

ஏப்ரல் வந்துவிட்டால் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். வந்தவர்கள் எல்லோரும் விக்டோரியா பூங்காவில் கூடுகிறார்கள். நாங்கள் காலை பத்து மணிக்கே பாயையும் தேநீரையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்துவிடுவோம். பிற்பகலில் மழை இறங்கிவிடும். அதற்குள் கேக் வெட்டியாக வேண்டும். எந்தக் கேக் என்பதில்தான் ஆண்டுதோறும் இழுபறி.

பட்டர் கேக் எளிது. பட்டர், சீனி, மா மூன்றும் 250 கிராம், முட்டை ஐந்து, கொஞ்சம் வனிலா. ஆனால் 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் பட்டர் தானாக இளகுவதில்லை. அடுப்பின் ஓரத்தில் வைத்து இளக்கி, சீனியோடு வெளுக்கும்வரை அடிக்காவிட்டால் கேக் கனத்துப்போகும். சுட்ட அன்று அதன் மென்மைக்கு ஈடில்லை. மறுநாளே இறுகி, உதிரத் தொடங்குகிறது.

லவ் கேக்குக்குப் பொறுமை வேண்டும். ரவையை இளஞ்சூட்டில் வறுத்துப் பட்டரில் ஊறவிட வேண்டும். கஜுவைப் பொடியாக நறுக்க வேண்டும். பிறகு, நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சிய தோசி, தேன், ஏலம், சாதிக்காய், பன்னீர், பத்து மஞ்சட்கரு. 150 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட்டால் மேலே பொன்னிறத் தோல், உள்ளே ஈரம். கஜு விற்கும் விலையில் ஆண்டுக்கு ஒருமுறைதான் கட்டுப்படியாகிறது. ஆனால் தோசியும் தேனும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் நாட்கணக்கில் வறளாது. இரண்டாம் நாளில் மணம் இன்னும் கூடுகிறது.

என் மனம் லவ் கேக்கின் பக்கம் சாய்வதற்குக் காரணம் பூக்கள். எங்கள் வளவில் நிறைந்திருப்பவை டேலியாவும் ஹைட்ரேஞ்சியாவும். தேயிலைக்குப் பிடித்த அதே அமில மண்தான் ஹைட்ரேஞ்சியாவுக்கு அந்த நீலத்தைக் கொடுக்கிறது. எவ்வளவு பார்த்தாலும் அலுக்காத நீலம்! ஆனால் முகத்தை அருகில் கொண்டுபோனால் இரண்டு பூவிலும் மணமில்லை. லவ் கேக்கில் கத்தி இறங்கியதும் பன்னீரும் ஏலமும் எழுந்து அந்தக் குறையைத் தீர்த்துவிடுகின்றன. பட்டர் கேக்கால் அது முடியாது.

அக்காவின் வளவில் கதையே வேறு. அங்கே வேலியோரம் முழுக்க நாட்டு ரோஜா. பன்னீர் மணம் குறுக்கே வந்தால் ரோஜாவின் மணம் அடிபட்டுப்போகும். அங்கே போகும் நாளில் பட்டர் கேக்தான் சுடுகிறேன், அன்று விடியற்காலையிலேயே.

லவ் கேக் எடுத்துப்போகிறவர்கள் ஒரு மெல்லிய துணியையும் கொண்டுபோங்கள். தேன் மணத்துக்குத் தேனீக்கள் டேலியாவை விட்டுத் தட்டுக்கு வந்துவிடும்.