ஏற்றுமதிக்கு யாரிடம் போகலாம்? நான் போய்ப் பார்த்த இடங்கள்

சரக்கு இருக்கிறது, வெளிநாட்டில் வாங்க ஆள் இல்லை என்றால் முதலில் போக வேண்டியது அரசின் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பிடம்தான். வெளிநாட்டில் வாங்குபவர்களைத் தேடித் தருவதுதான் அதன் வேலை; தென்கொரியாவில் கோட்ரா என்ற அரசு அமைப்பு 1962 முதல் இந்த வேலையைத்தான் செய்கிறது. எனக்கு ஒரு அமைப்பு கொடுத்த முகவரிப் பட்டியலில் பாதி மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன, ஆனாலும் கண்காட்சியில் அவர்கள் வாங்கித் தந்த சின்ன மேசையில்தான் முதல் ஆர்டர் கிடைத்தது, வந்தவர் மாதிரியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அங்கேயே அளவு சொன்னார். வர்த்தக சபை தோற்றச் சான்றிதழுக்கு, அதாவது பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் சான்றிதழுக்கு, சரி. அப்புறம் ஏற்றுமதி வணிக நிறுவனங்கள்: காகித வேலை, கப்பல், வசூல் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள், ஆனால் நம் பொருளைக் கடைசியில் வாங்குபவர் யார் என்றே நமக்குத் தெரியாமல் போகலாம், எனக்கு அது பிடிக்கவில்லை.