‘ஏர்பிரஷ்ஷுக்குத் தயார்’ என்று விற்கப்படும் மலிவு எனாமல் பாட்டில்கள்: ஓர் எச்சரிக்கை

பிளாஸ்டிக் கார் மாடல் கட்டுகிறவர்கள், அதிலும் அண்மையில் ஏர்பிரஷ் (பெயிண்ட்டைக் காற்றழுத்தத்தில் நுண்துளிகளாகத் தூவும் கருவி) வாங்கியவர்கள், அடுத்த பெயிண்ட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ‘மாடல் எனாமல், ஏர்பிரஷ்ஷுக்குத் தயார், ஜப்பான் தரம், பிரைமர் தேவையில்லை, குழந்தைகளும் பயன்படுத்தலாம்’ என்ற விளம்பரத்தோடு 30 மில்லி பாட்டில்களில் இணையத்தில் விற்கப்படும் ஒரு தொகுப்பை வாங்கியதால், 1/24 அளவு கார் பாடி ஒன்று மீட்கவே முடியாதபடி வீணாகிவிட்டது. பண இழப்பை விடப் பெரிய கவலை ஒன்று உண்டு: அந்தப் பாட்டில்களில் இருப்பதாகச் சொல்லப்பட்டதும் உண்மையில் இருந்ததும் வேறு வேறு, அந்த வேறுபாடு நம் நுரையீரலைத் தொடும் விஷயம்.

மலிவான எனாமல் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற சிந்தெடிக் எனாமலையே முறையாக வடிகட்டி, முறையான தின்னரில் கலந்து அடித்து, கண்ணாடி போன்ற பளபளப்பை எடுத்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். மாடல் பெயிண்ட்டுக்குப் பெயர்பெற்ற ஹம்ப்ரால், ரெவெல் நிறுவனங்களின் 14 மில்லி டப்பாவோ, டமியாவின் 10 மில்லி எனாமல் பாட்டிலோ இங்கே எல்லா நேரமும் கிடைத்துவிடுவதில்லை. தீப்பற்றும் திரவம் என்பதால் விமானச் சரக்கில் கட்டுப்பாடு இருக்கிறது, ஆகவே கப்பலில் வந்து சேரும்போது விலையும் ஏறிவிடுகிறது. இந்த இடைவெளியைத்தான் சில விற்பனையாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பெரிய டின்னில் வாங்கியதைச் சிறு பாட்டிலில் ஊற்றி விற்பதுகூடத் தவறில்லை, ஊற்றியது என்ன என்று எழுதி விற்றால்.

நான் வாங்கிய தொகுப்பில் ஆறு வண்ணங்களும், ‘எனாமல் தின்னர், மணம் குறைந்தது’ என்று எழுதிய பெரிய பாட்டில் ஒன்றும் இருந்தன. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லை. விற்பனைப் பக்கத்தில் இவையெல்லாம் ‘லேபிளில் காண்க’ என்றே குறிப்பிடப்பட்டிருந்தன. ‘டர்பன்டைன் அடிப்படையிலான தின்னர்’ என்று அந்தப் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அந்த வரியை நம்பித்தான் பணம் கட்டினேன், ஏனென்றால் மாடல் கிட்டுகள் செய்யப்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை எல்லாமே அந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கிறது. மினரல் டர்பன்டைன் மென்மையான கரைப்பான். மெல்லிய பூச்சாக அடித்தால் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. கார் டிங்கரிங் பட்டறைகளில் டியூக்கோ பெயிண்ட்டுக்குக் கலக்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரோ டொலுவீன், அசிட்டோன், எஸ்டர் வகைக் கரைப்பான்களின் கலவை; அது பாலிஸ்டைரீனைக் கரைத்தே விடும்.

அடித்தது டமியாவின் 1966ஆம் ஆண்டு மாடல் போக்ஸ்வாகன் 1300 பீட்டில். அந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்பு முழுவதும் வளைவுதான். பெயிண்ட்டின் குறையை மறைக்கத் தட்டையான இடமே கிடையாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, வார்ப்புக் கோடுகளை உப்புத்தாளில் தேய்த்து, தூசி துடைத்து, 0.3 மில்லிமீட்டர் நாசில் கொண்ட ஏர்பிரஷ்ஷில் 18 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் முதல் மெல்லிய பூச்சை அடித்தேன். எனாமல் பாலிஸ்டைரீன் மேல் நேரடியாகவே நன்றாகப் பிடிக்கும் என்பதால் பிரைமர் என்ற அடிப்பூச்சு தேவையில்லை என்ற அவர்களுடைய குறிப்பில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. முதல் பூச்சும் நன்றாகவே விழுந்தது. நுண்ணிய துளிகளாகப் பறக்கும்போதே கரைப்பானில் பெரும்பகுதி காற்றில் ஆவியாகிவிடுவதால், தின்னர் எவ்வளவு காரமானதாக இருந்தாலும் முதல் பூச்சு அதைக் காட்டிக்கொடுக்காது.

பளபளப்புக்காக, பெயிண்ட் ஈரமாகப் பரவும்படி கனமாக அடிக்கிற ஈரப் பூச்சில்தான் உண்மை வெளிவந்தது. பின்கண்ணாடிக்குக் கீழே பீட்டிலுக்கே உரிய காற்றுத் துளை வரிகள் ஒவ்வொன்றாக விளிம்பு மழுங்கி, பெயிண்ட்டோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் இளகி, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. கதவுக்கு மேலே ஓடும் மழைநீர்த் தடுப்புப் பட்டையின் ஓரத்திலும், வார்ப்பின்போது பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த இடங்களிலும் மெல்லிய வெடிப்புகள் வலைப்பின்னலாகப் பரவின. வார்ப்பில் இறுக்கம் தங்கியிருக்கும் இடங்களைத்தான் காரமான கரைப்பான் முதலில் தாக்கும். பெயிண்ட்டைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது வெடிப்பு பிளாஸ்டிக்கிலேயே இருந்தது. பெயிண்ட் கெட்டால் உரித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். பாடியே வெடித்துவிட்டால் செய்ய ஒன்றுமில்லை.

அதே நேரத்தில் அதே கலவையை அடித்த முன்மூடியும் மட்கார்டுகளும் வெடிக்காமல் தப்பின, ஆனால் அவை காயவே இல்லை. எனாமல், கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடுகிற பொருளல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது, அந்த வேலையைத் தூண்டுவதற்காகத் தயாரிப்பாளர்கள் கோபால்ட் போன்ற உலர்த்திகளைச் சேர்க்கிறார்கள். மழைக்காலத்தில் கூடுதல் நாள் பிடிப்பது இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் மூடி வைத்த பிறகும் விரல் ரேகை பதிகிறது என்றால், ஒன்று அந்தப் பெயிண்ட் மிகப் பழையது, அல்லது அதில் மண்ணெண்ணெய் போல எளிதில் ஆவியாகாத ஏதோ கலந்திருக்கிறது என்பதே என் முடிவு. பாட்டில்களின் அடியில் பிசுபிசுப்பான கட்டியும், மேலே ஆடை படிந்து உடைந்த துணுக்குகளும் இருந்ததைப் பார்த்தால், திறந்து கிடந்த பழைய டின்னிலிருந்து ஊற்றியதாகவே தோன்றுகிறது.

விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். “சார், நூத்துக்கணக்கான பேர் வாங்குறாங்க, ஒருத்தரும் குறை சொல்லல. உங்க கம்ப்ரஸர் பிரஷர் ஜாஸ்தி” என்றார். அழுத்தத்தைச் சொன்னதும், “அப்ப உங்க ஏர்பிரஷ் சரியில்ல சார்” என்றார். தின்னரில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, அது கம்பெனி ரகசியம் என்று பதில் வந்தது. படங்களை அனுப்பிய பிறகு, திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியாது, வேண்டுமானால் புதிதாக ஒரு தின்னர் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பியும் வைத்தார். அந்த இரண்டாவது பாட்டில்தான் எனக்குச் சான்றாக அமைந்தது.

சாதாரணக் கூரியரில் வந்த அந்தப் பெட்டியில் பாட்டிலின் மூடி கசிந்திருந்தது. லேபிளில் அச்சடித்த எழுத்தெல்லாம் கரைந்து வழிந்திருந்தது. பாட்டிலைச் சுற்றி வைத்திருந்த தெர்மாகோல் துண்டு, கசிந்த பக்கத்தில் குழிந்து, பசையாகிப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், நம் கிட்டும் பாலிஸ்டைரீன்தான். ஆனாலும் தெர்மாகோலை டர்பன்டைனும் ஓரளவு அரிக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டக் கூடாது என்று நினைத்து, பெயிண்ட் கடையில் மூடி உடையாத மினரல் டர்பன்டைன் ஒன்றையும் என்.சி. தின்னர் ஒன்றையும் வாங்கி வந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன்.

இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்யவும் வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டேன். என்.சி. தின்னரும் அந்தப் பாட்டில் தின்னரும் ஏறக்குறைய ஒன்றாகவே உலர்ந்து மறைந்தன. டர்பன்டைன் அதன் பிறகும் நெடுநேரம் எண்ணெய்ப் பசையோடு நின்றது. அடுத்து, கிட்டின் பாகங்களைக் கழற்றிய பிறகு மிஞ்சும் ஸ்ப்ரூச் சட்டத்தில் ஒவ்வொரு சொட்டு. டர்பன்டைன் பட்ட இடத்தைத் துடைத்தால் பளபளப்பு அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் பட்ட இடம் மங்கி, விரலில் ஒட்டி, நகம் வைத்தால் பள்ளம் விழுந்தது. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிவிட வேண்டாம், என்.சி. தின்னரின் மூக்கைத் துளைக்கும் நெடி தெரியாதிருக்க எலுமிச்சை வாசனை ஏதோ சேர்த்திருக்கிறார்கள். ‘மணம் குறைந்தது’ என்று எழுதியிருந்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என் கோபத்துக்குக் காரணமும் இதுதான். டர்பன்டைன் என்று நம்பி ஒருவர் ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் துணி மாஸ்க் கட்டிக்கொண்டு அடிப்பார். துணி மாஸ்க் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும். டொலுவீன் ஆவி அதன் வழியே நேராக உள்ளே போகும். என்.சி. தின்னரின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது, அதே அறையில்தான் கம்ப்ரஸர் மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த அறையில் அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும். கரிம ஆவிகளைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் அணியும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் ‘குழந்தைகளும் பயன்படுத்தலாம்’ என்ற வரியை நம்பிப் பிள்ளைக்கு வாங்கித் தருகிற பெற்றோர் அந்த மாஸ்க்கைத் தேடிப் போவார்களா?

ஈயம் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்ட்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. டின்னின் மேலேயே அதைக் குறிப்பிட வேண்டும். கடையில் மூடியோடு வாங்குகிற 50 மில்லி டின்னில்கூட அந்த வரியைப் பார்க்கலாம். பெயர் தெரியாத டின்னிலிருந்து ஊற்றிய பாட்டிலில் அதை யார் உறுதி செய்வது? தூரிகையில் தடவும் பெயிண்ட்டைப் போலல்லாமல் ஏர்பிரஷ்ஷில் அடிப்பது புகையாக மிதக்கிறது, காய்ந்த பிறகு உப்புத்தாளில் தேய்க்கும்போது தூளாகப் பறக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், லேபிள் இல்லாத எனாமலை ஏர்பிரஷ்ஷில் ஊற்றவே மனம் வராது.

என் கருவியில் கோளாறு இல்லை என்று உறுதி செய்ய, அதே ஏர்பிரஷ்ஷில் அதே அழுத்தத்தில், கடையில் வாங்கிய 50 மில்லி சிந்தெடிக் எனாமலை அடித்துப் பார்த்தேன். அதற்கு முன் உள்ளேயிருந்த ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் தின்னர் பட்டு அவை ஊதிப்போய் ட்ரிக்கர் இறுகியிருந்தது. வீட்டு எனாமலின் நிறமித் துகள் சற்றுப் பெரிது என்பதால் நைலான் துணியில் வடிகட்டி, மினரல் டர்பன்டைனைப் பால் பதம் வரும்வரை கலந்து, உபயோகமில்லாத பழைய பாடி ஒன்றின் மேல் இரண்டு மெல்லிய பூச்சும் ஓர் ஈரப் பூச்சும் கொடுத்துத் தூசி படாமல் பெட்டியால் மூடி வைத்தேன். மறுநாளே விரலில் ஒட்டவில்லை; அடுத்த வாரத்தில் 2000 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடும் அளவுக்கு இறுகிவிட்டது. வெள்ளை, தந்த நிறம் போன்ற வெளிர் வண்ணங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். வெளிச்சம் குறைந்த அலமாரியில் நாளடைவில் மஞ்சளடிக்கும். சிவப்பும் கருநீலமும் பச்சையும் அருமையாக வரும்.

இந்தச் சோதனைப் படங்களோடு மறுபடி எழுதியபோது விற்பனையாளர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார். ஆகவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்தேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் சொல்கின்றன. ‘திறந்த பாட்டில்’ என்ற சாக்கு அங்கே செல்லாது. புகாருக்குப் பிறகு பெயிண்ட்டுக்கான பணம் திரும்பி வந்தது. வீணான கிட்டுக்கும் கெட்டுப்போன வளையங்களுக்கும் பொறுப்பேற்க மறுக்கிறார் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

அந்த விற்பனைப் பக்கம் இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு மறுபடி வந்திருக்கிறது. வெள்ளை மூடி போட்ட ஆறு பாட்டில்கள், நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, பக்கத்தில் எலுமிச்சைப் படம் போட்ட தின்னர் பாட்டில். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெயிண்ட்டில் கலக்கும் முன் அந்தத் தின்னரில் ஒரு சொட்டை ஸ்ப்ரூவில் விட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் இளகினால், பாட்டிலைக் கொட்டிவிடாமல் இறுக மூடி வெப்பம் படாத இடத்தில் வைத்து, ரசீதையும் விற்பனைப் பக்கத்தின் படத்தையும் சேமித்துக்கொண்டு, 1915இல் நீங்களும் ஒரு புகார் கொடுங்கள்.