ஒப்புக்குச் சப்பாணி ஆகாத இரண்டாம் ஆட்டக்காரர்

ஏழு வயதான என் அக்கா மகளோடு சேர்ந்து ஆடுவதற்காக, நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியில் கிடைக்கும் மூன்று கேம்களை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன்: 2019இல் வெளிவந்த 'யோஷீஸ் கிராஃப்டட் வேர்ல்ட்', 2022இல் வந்த 'கிர்பி அண்ட் தி ஃபர்காட்டன் லேண்ட்', 2023இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்'. மூன்றும் தாவிக் குதித்துக் கட்டங்களைக் கடக்கும் வகையைச் சேர்ந்தவை. மூன்றிலும் கை பழகாதவர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் எளிதாக இருந்தால் மட்டும் போதுமா? சிறியவர் உண்மையிலேயே ஆடுகிறாரா, அல்லது தெருவில் விளையாடும்போது கடைக்குட்டியைச் சேர்த்துக்கொள்வதுபோல ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கிறாரா என்பதைத்தான் நான் கவனித்தேன்.

இந்தக் கண்ணோட்டத்தில் கிர்பி முதலிலேயே பின்தங்கிவிடுகிறது. தனியாக ஆடுபவருக்கு அது அருமையான கேம். கிர்பி என்ற உருண்டையான நாயகப் பாத்திரம் ஒரு முழுக் காரையே வாயில் கவ்விக்கொண்டு பாய்ந்தோடும் கட்டங்கள் அலுப்பதே இல்லை. இரண்டாமவருக்கோ ஈட்டி ஏந்திய பண்டானா வாடில் டீ என்ற துணைப் பாத்திரம் மட்டுமே வாய்க்கிறது. கிர்பியைப்போல எதிரிகளின் ஆற்றலைத் தனதாக்கிக்கொள்ளும் வித்தை அதற்குக் கிடையாது. கேமராவும் கிர்பியின் பின்னாலேயே போகிறது.

யோஷியில் இருவரும் சரிசமம். இருவருக்கும் யோஷி என்ற டைனோசர்தான் பாத்திரம். நிறம்தான் வேறு, நாக்கை நீட்டி எதிரியை விழுங்கவும், அதை முட்டையாக்கிக் குறிபார்த்து எறியவும் இருவராலும் முடியும். எளிய முறையைத் தேர்ந்தெடுத்தால் யோஷிக்குச் சிறகு முளைக்கிறது. தாவும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பள்ளங்களைப் பறந்து கடந்துவிடலாம். பெரியவரின் முதுகில் சிறியவர் ஏறிக்கொள்ளவும் முடிகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் பின்பக்கமாகத் திருப்பி ஆடும்போது, முன்பக்கத்தில் மலையாகவும் மரமாகவும் தெரிந்தவை வெறும் அட்டையும் ஒட்டு டேப்புமாக இருப்பது புலப்படுகிறது. அங்கே ஒளிந்திருக்கும் மூன்று பூச்சிக் குட்டிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். (பூச்சி என்பது இங்கே ஒரு நாயின் பெயர், அதை விளக்கி முடிக்கும்வரை அக்கா மகள் சோபாவை விட்டுக் காலைக் கீழே வைக்கவில்லை.)

குறைகளும் இங்கேதான் இருக்கின்றன. அருகருகே நின்று குதிக்கும்போது, வேண்டாத நேரத்திலும் ஒருவர் மற்றவரின் முதுகில் ஏறிவிடுகிறார். நகரும் பலகையின்மேல் இப்படி நேர்ந்தால், "இறங்கு, இறங்கு" என்று கத்துவதற்குள் இருவருமே பள்ளத்தில் விழுந்திருப்போம். அட்டையில் செய்த குறிப்பிட்ட பொருள்களைத் தேடுவதற்காக முடித்த கட்டத்துக்கே மீண்டும் மீண்டும் அனுப்புவது, ஆட்டத்தை நீட்டிக்கும் உத்தியாகவே எனக்குத் தோன்றுகிறது. சிறகோடு ஆடினால் பெரியவருக்குச் சீக்கிரமே கொட்டாவி வந்துவிடும்.

அந்தக் கொட்டாவிக்கு மாற்று மாரியோவிடம் இருக்கிறது. யோஷி, நாபிட் ஆகிய பாத்திரங்களை எதிரிகள் தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதால், சிறியவர் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள, பெரியவர் வழக்கமான மாரியோவாகவே ஆடலாம். சலுகை ஒருவருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. பள்ளத்தில் விழுந்தவர் ஆவியாக மிதந்து வந்து, சில நொடிகளுக்குள் கூட்டாளியைத் தொட்டால் பிழைத்துக்கொள்வார். 2009இல் வீ கன்சோலுக்கு வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ' கேமில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிய தொல்லையும் இதில் நீங்கிவிட்டது. ஆனால் இந்த கேமில் மாரியோ போன்ற மற்றப் பாத்திரங்கள் யானையாக உருமாறலாம், அடிபடாத அந்தப் பாத்திரங்களால் அது முடியாது. பெரியவர் யானையானதும், "எனக்கு மட்டும் ஏன் தும்பிக்கை வரவில்லை?" என்று அவள் கேட்டாள். மேலும், ஆட்டக்காரர்களில் ஒருவரின் தலையில் மகுடம் இருக்கும், கேமரா அவரையே பின்தொடரும் என்பதால், மகுடம் சூடிய பெரியவர் சற்று வேகமாக ஓடினாலும் சிறியவர் திரைக்கு வெளியே விடப்பட்டு ஆவியாகிவிடுகிறார்.

இப்போதைக்கு எங்கள் வீட்டில் யோஷிதான் ஓடுகிறது. என்னுடைய யோஷிக்குச் சிறகு கூடாது, அவளுடையதற்கு மட்டும் வேண்டும் என்றால் அதற்கு அந்த கேமில் வழியில்லை என்பது ஒன்றுதான் மனக்குறை. அவள் தும்பிக்கைக்காகச் சிறகைத் துறக்கத் தயாராகும் நாளில் மாரியோவுக்கு மாறிக்கொள்வோம்.